பெண்கள் பக்கத்துப் போட்டோக்காரி

அபிராமத்துக்கு வந்து ஜெயப்பிரியா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. மிளகாய் வண்டி காளீஸ்வரன் வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். ஆனால் முஸ்லிம் தெருக்களில் கதை வேறு. அங்கே காளீஸ்வரனைத்தான் 'போட்டோக்காரி வீட்டுக்காரர்' என்பார்கள்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் கேமரா காளீஸ்வரன் கையில் இருந்தது. மதுரையில் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டபோது அவரிடமிருந்து வாங்கி வந்தது. விளையாட்டு மைதானங்களில் படக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து பிடித்திருப்பார்களே, அந்த ரகம். செங்குத்தாகப் பிடிக்கவென்று அடியில் இன்னொரு பிடி. மூலைகளில் கறுப்புப் பெயிண்ட் உரிந்து உள்ளிருக்கும் உலோகம் பளபளக்கும். லென்ஸையும் மாட்டித் தூக்கினால் அரிசி மூட்டையில் கைவைத்த மாதிரி தோள் முதலில் ஒரு தடவை யோசிக்கும்.

பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு கடை பிடித்து காளீஸ்வரன் கொஞ்ச காலம் ஸ்டுடியோ நடத்தினார். அவருக்கு அது ஒத்துவரவில்லை. "வந்தவன எல்லாம் சிரி சிரின்னு சொல்லியே எனக்குச் சிரிப்பு போயிருச்சு" என்று சொல்லிக் கடையைக் காலி செய்தார். மினி லாரி ஒன்றை எடுத்து, ஊர் ஊராக முண்டு மிளகாய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் சந்தைக்குப் போய்வர ஆரம்பித்தார். மிளகாய் நெடியில் நாள் முழுதும் தும்மினாலும் அந்த வேலையில் அவர் சந்தோஷமாக இருந்தார். கேமரா பீரோவில் புடவைகளுக்குக் கீழே கிடந்தது.

ஜெயப்பிரியா அதை எடுத்தது பொழுது போகாமல்தான். பரமக்குடியில் பி.காம் படித்தவள், பொத்தான்களையும் எண்களையும் கண்டு அவளுக்குப் பயமில்லை. யூடியூபில் பார்ப்பாள், மாடியில் காயும் மிளகாயை எடுப்பாள், கெடுப்பாள், மறுபடி எடுப்பாள். அடுத்த தெருவில் ஒரு முஸ்லிம் வீட்டில் நிக்காஹ் வந்தது. பெண்கள் பக்கம் படம் எடுக்க ஆண்கள் யாரும் போக முடியாது. அந்த வீட்டார் காளீஸ்வரனிடம் யோசனை கேட்டார்கள். "எனக்கு அங்கன வேலை இல்ல. எம் பொண்டாட்டி வேணும்னா வருவா" என்று அவர் விளையாட்டாகச் சொன்னார். அவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் அந்த வீட்டு அம்மாவே வந்து ஜெயப்பிரியாவை அழைத்தார்.

அன்று தொடங்கியது. அபிராமத்திலிருந்து கமுதி, பரமக்குடி, அப்புறம் கடற்கரைப் பக்கம் தேவிபட்டினம், பெரியபட்டினம் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. இடையில் இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடமும் போனார்கள். பெரிய கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி இறங்கும் பெண் அந்தத் தடத்துக் கண்டக்டர்களுக்கெல்லாம் தெரிந்தவளானாள்.

வேலை செய்யும்போது அவளுக்கு ஒரு குரல் உண்டு. "கொஞ்சம் தள்ளுங்கம்மா, அந்தப் பக்கம் வாங்க, பிள்ளைய எறக்கி விடுங்க" என்று கூட்டத்தை ஒதுக்கி நிறுத்துகிற குரல். கேமரா பெரிதாக இருந்ததால் அந்தக் குரலுக்கு ஒரு மதிப்பும் இருந்தது. எல்லோரும் ஒதுங்கினார்கள், நிமிர்ந்து நின்றார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸைப் பார்த்தார்கள். படங்கள் சுத்தமாக விழுந்தன.

நாற்பதை நெருங்கும்போது அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. பிறகு தலைவாரக் கை எழவில்லை. ராமநாதபுரத்தில் எலும்பு டாக்டர் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். பாதியில் அவள் பல்லைக் கடித்தாள்.

"தோள் மூட்டு இறுகிப் போச்சு. உங்களுக்குச் சர்க்கரை இருக்குல்ல, அதுல வரும். பயிற்சி பண்ணினா விடும், ஆனா ஒரு வருஷம்கூட ஆகலாம். வெயிட் தூக்காதீங்க" என்றார்.

"எனக்கு வேலையே வெயிட் தூக்குறதுதான் சார்."

"அப்ப வேலைய மாத்துங்க, இல்ல வெயிட்ட மாத்துங்க."

அந்த வருடம் சித்திரையில் அவளுடைய தம்பி பிரபு சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்தான். அங்கே கப்பல் பட்டறையில் வெல்டர். அக்காவின் தோளைப் பற்றி போனிலேயே கேட்டிருந்தவன், பெட்டியைத் திறந்ததும் முதலில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தான். உள்ளே ஒரு லென்ஸ் மட்டும் இருந்தது. பின்னால் கேமரா இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஊறுகாய் டப்பா அளவு, உருண்டை, கறுப்பு.

"ஏலே, மிச்சத்த எங்கடா?" என்றாள் ஜெயப்பிரியா.

"மிச்சம் உன் கையில இருக்கு" என்று அவளுடைய போனைக் காட்டினான். லென்ஸின் பின்புறம் இரண்டு கவ்விகள் விரிந்தன. அவற்றில் போனை வைத்து அழுத்தினான். "முழு கேமராவும் இதுக்குள்ள இருக்கு. படம் மட்டும் வைஃபைல போன்ல தெரியும். லென்ஸ ஒரு கையில வச்சுக்க, போன இன்னொரு கையில வச்சுக்க. தூக்கவே வேணாம்."

அன்று சாயங்காலமே இரண்டையும் மாடிக்குக் கொண்டுபோனாள். மிளகாய் பரப்பிக் கிடந்தது. பிரபு பெரிய கேமராவைத் தூக்கித் தர, உட்கார்ந்தபடி முழங்காலில் ஊன்றி ஒரு படம் எடுத்தாள். பிறகு அதே இடத்தில் டப்பாவால் ஒன்று. இரண்டையும் லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பெரியதில் ஒவ்வொரு மிளகாயும் தனித்தனியாக, காம்பும் சுருக்கமும் தெரிய உட்கார்ந்திருந்தது. டப்பாவின் படத்தில் சிவப்பு ஒன்றோடொன்று ஒட்டி, மெழுகிவிட்ட தரை போல இருந்தது.

"பத்து வருஷத்துக்கு முந்துன கேமராடி அது" என்று காளீஸ்வரன் பெருமையாகச் சொன்னார், தானே செய்தது போல.

"வெளிச்சத்துல பரவாயில்ல மாமா. போட்டோ புக்ல போட்டா வித்தியாசம் தெரியாது" என்றான் பிரபு.

அப்போது மாமியார் பாண்டியம்மாள் கீழே முற்றத்தில் மிளகாயைக் கொத்த வந்த கோழியை வைதுகொண்டிருந்தார். ஜெயப்பிரியா மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையை நீட்டி, லென்ஸைக் கீழே திருப்பி, போனைப் பார்த்து அழுத்தினாள். இத்தனை வருடங்களில் மாமியாரின் நல்ல படம் ஒன்றும் அவளிடம் இல்லை. பெரிய கேமராவைக் கண்டால் அவர் ஆதார் அட்டைக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுவார். இந்தப் படத்தில் ஒரு கையில் முந்தானையும் ஒரு கையில் விளக்குமாறுமாகக் கோழியோடு வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். கீழே போய் ஆசையாகக் காட்டினாள்.

பாண்டியம்மாள் பார்த்தார். முகம் மாறியது. "எப்ப எடுத்த?"

"இப்பத்தான் அத்தை. மாடியிலருந்து."

"என்னையக் கேட்டியா?"

ஜெயப்பிரியா போனை இறக்கிக்கொண்டாள். பெரிய கேமரா என்றால் கேட்கவே வேண்டியதில்லை. அதைத் தூக்குவதே கேட்பதுதான். இரண்டு நாள் மாமியார் அவளோடு சரியாகப் பேசவில்லை.

டப்பாவை முதன்முதலில் வேலைக்குக் கொண்டுபோனது நயினார்கோவிலுக்கு. நாகநாதர் சன்னதியில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. தோள் வலி இல்லாமல் போய் இறங்கியதே பெரிய நிம்மதியாக இருந்தது. மொட்டையடிப்பது, சந்தனம் பூசுவது எல்லாம் நன்றாகவே விழுந்தன. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து ஆசாரி காதைப் பிடித்தபோது போனில் படம் அப்படியே உறைந்து நின்றது. கூட்டத்தில் அத்தனை போன்கள், அத்தனை சிக்னல்கள், இணைப்பு அறுந்துவிட்டது. அவள் விரலால் தட்டத் தட்ட ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தை வீறிட்டது. திரும்பப் படம் வந்தபோது காதில் தங்கம் ஏறியிருந்தது.

"எடுத்தீங்களா?" என்று குழந்தையின் அப்பா கேட்டார்.

"இல்லைங்க. போன் நின்னுருச்சு."

அவர் முறைத்தார். தாய்மாமன்தான், "விடுங்க மாப்ள, இன்னொரு காது இருக்குல்ல" என்றார். இரண்டாவது காதுக்கு அவள் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. போன் இல்லாவிட்டாலும் அதை அழுத்தினால் உள்ளேயிருக்கும் கார்டில் படம் விழும் என்று பிரபு சொல்லியிருந்தான். குத்துமதிப்பாக நீட்டி, அதை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஊசியும் காதும் குழந்தையின் திறந்த வாயும் ஒரு படத்தில் வந்தன. தாய்மாமனுக்குத் தலை இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதை மட்டும் பழகினாள். லென்ஸைத் தொப்புளுக்கு நேரே வைத்தால் என்ன வரும், நெஞ்சுக்கு நேரே வைத்தால் என்ன வரும், எவ்வளவு பக்கத்தில் போனால் ஒரு முகம், எவ்வளவு தள்ளினால் மூன்று முகம். அந்தப் பழக்கம் எங்கே உதவப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. வேலை கெட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான்.

ஆடி வருவதற்கு முன் தேவிபட்டினத்தில் ஒரு கல்யாணம். தாஹா என்பவரின் மகள் சஃபாவுக்கு. சஃபாவின் உம்மா பல்கீஸ் பீவிதான் போனில் பேசி ஜெயப்பிரியாவை அமர்த்தியவர். கடலுக்குப் போகிற தெருவில் மாடிவீடு. கீழே பந்தலில் ஆண்கள், மாடிக் கூடத்தில் பெண்கள். ஜெயப்பிரியா டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே வந்து இறங்கினாள்.

மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் மூங்கில் கூடை. கூடை நிறைய போன்கள். வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் போனை அணைத்து அதில் போட்டுவிட்டு ஏறினார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு வயதான அம்மா காவல் இருந்தார்.

ஜெயப்பிரியா பல்கீஸைத் தேடிப் போய், பையைத் திறந்து காட்டினாள். பல்கீஸ் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பெரிய கேமரா எங்கம்மா? சித்தார்கோட்டைக் கல்யாணத்துல உங்க கையில பாத்தேனே."

"தோள் முடியலக்கா. டாக்டர் தூக்கக் கூடாதுன்னுட்டாரு. இதுவும் கேமராதான். போன்ல மாட்டி எடுக்கணும்."

பல்கீஸ் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். "போன வருஷம் எங்க நாத்தனா மக கல்யாணம். யாரோ ஒரு பொண்ணு போன்ல எடுத்து அவ வீட்டு ஆளுகளுக்கு அனுப்பிருக்கா. நல்ல எண்ணத்துலதான் அனுப்புனா. அது எங்கெங்கயோ சுத்திப் போயி, மாப்பிள்ளையோட கூட்டாளிமாரு போன்லேயே வந்து நின்னுச்சு. அந்தப் பிள்ள இன்னும் யார் கல்யாணத்துக்கும் வாறதில்ல. அதான் கூடை வச்சிருக்கோம்."

"நெட்ட அமத்தி வச்சிருவேன்க்கா. படம் எங்கயும் போகாது."

"உங்கள நான் நம்புறேன். போன நம்பல. உங்க ஒரு போன உள்ள விட்டா, மத்தவங்க கிட்ட என்னன்னு சொல்லி வாங்குவேன்?"

அதில் தப்புச் சொல்ல ஜெயப்பிரியாவுக்கு ஒன்றுமில்லை. படியருகே நின்றே காளீஸ்வரனுக்குப் போன் போட்டாள். அன்று அவருக்கு ராமநாதபுரம் சந்தை நாள்.

"எங்கன இருக்கீங்க?"

"இன்னும் வீட்லதான். மூடை கட்டிக்கிட்டிருக்கேன்."

"பீரோல இருக்குற கேமராப் பைய எடுத்துக்கிட்டு நேரா தேவிபட்டினம் வாங்க. சந்தைக்கு அப்பறம் போய்க்கலாம்."

"தோளு?"

"பாத்துக்கிறேன். வாங்க."

பிறகு போனை அணைத்துக் கூடையில் போட்டாள். காவலிருந்த அம்மா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். ஜெயப்பிரியா டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

கீழே நிக்காஹ் முடிந்து சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் உம்மாவும் அக்காமாரும் தாலிபோலக் கட்டுகிற கருகமணியைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்கள். கூடம் முழுவதும் எழுந்து மணப்பெண்ணைச் சூழ்ந்துகொண்டது. பெரிய கேமரா இருந்திருந்தால் இந்த நேரம் ஜெயப்பிரியாவின் குரல் எழுந்திருக்கும். அன்று குரல் கொடுத்துப் பயனில்லை, ஏனென்றால் ஊறுகாய் டப்பா பிடித்திருப்பவளுக்கு யாரும் ஒதுங்கமாட்டார்கள். அவள் கூட்டத்துக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு போனாள். வலது கை இடுப்புக்கு மேல் எழாது; இடுப்பருகேயே வைத்து, லென்ஸைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, பொத்தானை அழுத்தினாள். எதுவும் தெரியாது. சின்னதாக ஒரு 'டிக்' மட்டும் கையில் தட்டும்.

படம் தெரியாமல் எடுப்பதில் அவளுக்கு ஒரு வசதி இருந்ததைப் பிறகு யோசித்துப் பார்த்தாள். பெரிய கேமராவில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணை அந்தச் சின்ன ஜன்னலில் வைத்திருப்பாள். இத்தனை கல்யாணங்களுக்குப் போயும் கருகமணி கட்டுவதை அவள் வெறும் கண்ணால் பார்த்ததில்லை. இன்று பார்த்தாள். கருகமணி கோத்த நூலை முடிச்சுப் போட்டபின் மிச்ச நுனி நீளமாகத் தொங்கியது. கத்தரிக்கோல் எங்கே என்று தேடினார்கள். யாரிடமும் இல்லை. பல்கீஸின் தங்கை ஆமினா, சஃபாவின் சாச்சி, "இதுக்கு எதுக்குக் கத்தரி" என்று சொல்லி மணப்பெண்ணின் பிடரியில் குனிந்து நூலைப் பல்லால் கடித்தார். சஃபாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை; சிரித்துக்கொண்டே பின்னால் சாய்ந்தாள். ஆமினாவின் முக்காடு சரிந்து தோளில் விழுந்தது. நரை கலந்த அடர்த்தியான முடி. பல்லிடுக்கில் நூல், கண்ணில் சிரிப்பு. கடல்பக்க ஜன்னலின் வெளிச்சம் இரண்டு பேர் மேலும் இருந்தது. ஜெயப்பிரியாவின் விரல் தானாக அழுத்தியது.

காளீஸ்வரன் வந்து சேர்ந்தபோது கருகமணி முடிந்து பெண்களுக்குச் சாப்பாடு ஆரம்பித்துவிட்டது. தாஹா வாசலில் பையை வாங்கி மேலே அனுப்பினார். ஜெயப்பிரியா தலையணைகளைக் கேட்டு வாங்கி ஒரு நாற்காலியின் முதுகில் அடுக்கினாள். அதன்மேல் பெரிய கேமராவை வைத்து, முன்னால் ஒவ்வொரு குடும்பமாக உட்காரச் சொல்லி எடுத்தாள். கூடத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "இப்பத்தான் கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் நிமிர்ந்தார்கள், முக்காட்டைச் சரிசெய்தார்கள். ஆமினாவும் வந்து உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். நெற்றி வரை இழுத்த முக்காட்டுடன், ஒரு முடிகூட வெளியே தெரியாமல்.

சாயங்காலம் கிளம்பும்போது இரண்டு கேமராவின் கார்டுகளையும் கழற்றிப் பல்கீஸ் கையில் கொடுத்தாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. அடுத்த வாரம் லேப்டாப் கொண்டுக்கிட்டு வாரேன். சேந்து உக்காந்து பாத்து, வேணுங்கிறத மட்டும் எடுத்துக்கலாம்."

பல்கீஸ் கார்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டார். அன்று ராத்திரி முழுதும் ஜெயப்பிரியாவின் தோள் தெறித்தது. அதைவிட, டப்பாவில் என்ன விழுந்திருக்கும் என்ற கவலை.

அடுத்த வாரம் அதே மாடிக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பல்கீஸ், மறுவீட்டுக்கு வந்திருந்த சஃபா, ஜெயப்பிரியா. முதலில் டப்பாவின் கார்டு. முதல் படத்தில் மின்விசிறி. அடுத்ததில் யாருடைய முதுகோ. அப்புறம் பாதி முகம், தட்டு, மறுபடியும் மின்விசிறி. ஜெயப்பிரியாவுக்குக் காது சூடானது. சஃபா சிரித்துப் புரண்டாள். "அக்கா, எங்க வீட்டு ஃபேனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டீங்க."

பிறகு ஒவ்வொன்றாக முகங்கள் வரத் தொடங்கின. சஃபா சிரிப்பதை நிறுத்தினாள். மாப்பிள்ளையின் உம்மா இரண்டு கையாலும் கருகமணியை எடுப்பது. ஒரு சின்னப் பெண் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுவது. பல்கீஸ் ஓரத்தில் நின்று மகளைப் பார்ப்பது; அப்படி ஒரு முகம் தனக்கு இருக்கிறது என்று பல்கீஸுக்கே தெரியாது. படங்கள் கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் சாய்வு, மணல் தூவிய மாதிரி புள்ளிகள். பெரிய கேமராவின் படங்களை அதன்பின் போட்டபோது கருகமணியின் ஒவ்வொரு மணியும் எண்ணும்படி தெரிந்தது. முகங்கள் கழுவித் துடைத்தது போல இருந்தன. "இதெல்லாம் ஆல்பத்துக்கு" என்றார் பல்கீஸ். "அதெல்லாம் எங்களுக்கு" என்றாள் சஃபா.

டப்பாவின் கார்டுக்குத் திரும்பி மிச்சத்தைப் பார்த்தபோது அந்த நூல் கடிக்கும் படம் வந்தது. தன் கையால் இதுவரை எடுத்ததில் இதுதான் நல்ல படம் என்று ஜெயப்பிரியாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. சாய்வுகூட இல்லை. இரண்டு முகமும் ஜன்னல் வெளிச்சமும் அளந்து வைத்தாற்போல இருந்தன.

பல்கீஸ் குனிந்து பார்த்தார். "தலை திறந்திருக்கே."

"சாச்சியக் கேப்போம்" என்று சஃபா எழுந்து ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

ஆமினா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாயில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். நெடுநேரம் பார்த்தார். சிரித்தார்.

"நல்லா இருக்கேன்ல?"

"ரொம்ப நல்லா இருக்கீங்கக்கா" என்றாள் ஜெயப்பிரியா.

"முடி இன்னும் இவ்வளவு இருக்குன்னு எனக்கே தெரியல." விரலால் திரையில் சஃபாவின் கன்னத்தைத் தொட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அழிச்சிரும்மா."

"சாச்சி, எனக்கு மட்டும் ஒண்ணு பிரிண்ட் போட்டு வச்சுக்கிறேன். யாருக்கும் காட்ட மாட்டேன்."

"பிரிண்ட் போடுற கடையில நாலு பேரு பாப்பாங்கல்ல."

"ஒன் வீட்டுக்காரரு ஏதும் சொல்வாருன்னா?" என்று பல்கீஸ் கேட்டார்.

"அவரு எங்க பாத்தாரு? எனக்கு யாரும் சொல்லல, நாந்தான் சொல்றேன். பாத்தாச்சு, போதும்." ஜெயப்பிரியாவின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு அந்தப் படம் என்ன என்பது ஆமினாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். "உங்க வேலையில குத்தமில்லம்மா. நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. இன்னொரு தரம் காட்டுங்க, அப்பறம் அழிங்க."

இன்னொரு தடவை காட்டினாள். ஆமினா தலையசைத்தார். ஜெயப்பிரியா அதை அழித்து, லேப்டாப்பின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். மற்ற படங்களை எடுத்துக்கொண்டு, இரண்டு கார்டுகளையும் அவர்கள் கண்ணெதிரே முழுதாகத் துடைத்தாள். ஆமினா எழுந்து போய் ஒரு தூக்கில் கணவாய் மீன் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது அவளுக்குக் கோபமா வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ராமநாதபுரம் தாண்டும்வரை அந்தப் படத்தின் ஒவ்வொரு மூலையையும் நினைவில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு குழம்பு சிந்திவிடாமல் தூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

காளீஸ்வரனிடம் சில நாள் கழித்துத்தான் சொன்னாள்.

"அவங்களுக்குத் தெரியாம ஒரு காப்பி வச்சிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"வச்சிருந்தா நீங்க பாத்திருப்பீங்க."

அவர் யோசித்துவிட்டு, "ஆமா, பாத்திருப்பேன்" என்றார்.

ஆமினா தன் பக்கத்துச் சொந்தங்களிடம் இவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த மழைக்காலம் முடிந்ததும் கீழக்கரையிலிருந்து இரண்டு கல்யாணங்கள் வந்தன. பேசியவர்கள் கேமராவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பாத்துட்டு அழிக்கச் சொன்னா அழிப்பீங்களாமே, அது நெசமா?" என்றுதான் கேட்டார்கள்.

தோளுக்கு டாக்டர் சொன்ன பயிற்சி, சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே மேலே ஏற்றுவது. சமையலறைச் சுவரில் தினமும் செய்தாள். மஞ்சள் விரல்களின் தடம் சுவரில் ஏணி மாதிரி பதிந்தது. அடுத்த வருடக் கடைசியில் கை தலைக்கு மேலே எழுந்தது. அதுவரை எல்லா இடத்துக்கும் இரண்டையும் கொண்டுபோனாள். காளீஸ்வரனோ ஆட்டோவோ பெரியதைச் சுமந்தது. கூட்டத்துக்குள் போகும்போது டப்பா, உட்காரவைத்து எடுக்கப் பெரியது. டப்பாவைக் கையில் எடுக்கும்முன் அதைத் தூக்கிக் காட்டி, "இதுவும் கேமராதாம்மா, இப்ப எடுக்கப்போறேன்" என்று கூடம் முழுவதுக்கும் சொல்லிவிடுவாள். சொன்னால் முகங்கள் கொஞ்ச நேரம் விறைக்கும். அப்புறம் மறந்துவிடுவார்கள்.

சில வருடங்களில் டப்பாவுக்கான ஆப் புதிய போன்களில் வேலை செய்யாமல் போனது. கம்பெனியே அந்த ரகத்தை விட்டுவிட்டதாகப் பிரபு விசாரித்துச் சொன்னான். போனைச் சேர்க்காமல் எடுத்துப் பழகியிருந்ததால் அவளுக்கு அது பெரிய இழப்பாக இல்லை. பேட்டரி உப்பிப் போய் மூடி மூடாமல் ஆனபோதுதான் நிறுத்தினாள். பெரியதற்கு மதுரையில் ஷட்டர் ஒருதரம் மாற்றியாயிற்று, இன்னும் ஓடுகிறது. கூட்டத்துக்குள் போக இப்போது மிரர்லெஸ் என்கிற, உள்ளே கண்ணாடி இல்லாத சின்ன ரக கேமரா ஒன்றை வைத்திருக்கிறாள். வாங்கும்போது கடைக்காரர் அதன் வைஃபை வசதியைப் பற்றி நிறையச் சொன்னார். அதை அணைத்து வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

போன தடவை பிரபு வந்தபோது புதிய போன் ஒன்றைக் காட்டினான். முதுகில் மூன்று கண்கள்.

"இனிமே உனக்குக் கேமராவே வேணாக்கா. இருட்டுலயும் எடுக்கும். எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு."

ஜெயப்பிரியா வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி ஒன்று எடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"நல்லாருக்குலே. ஆனா இத வாசல்லயே வாங்கி வச்சிருவாங்களே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெரியபட்டினம் போவதற்காகப் பெரிய கேமராவின் பேட்டரியைச் சார்ஜில் போட்டாள்.